புது வண்டி, பழைய அடி

ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சின்னத்துரை வருகிறார் என்று அர்த்தம். மலையில் கதை பேசிக்கொண்டிருந்தவர்களின் கை தானாக வேகம் பிடிக்கும். கங்காணி காரணமே இல்லாமல் யாரையாவது ஒரு அதட்டு அதட்டுவார். இப்போது அந்தச் சத்தத்துக்கு ஒருவரும் தலை நிமிர்வதில்லை. கொத்மலைப் பக்கம் லயத்துக்கு ஒன்றிரண்டு பைக்காவது நிற்கிறது, மழைக்கு உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு. துரைக்குத் தோட்டக் கம்பெனி வண்டி கொடுத்தது. நம் பிள்ளைகளுக்கு லீசிங் கம்பெனி கொடுக்கிறது. வித்தியாசம் மாதக் கடைசியில் தெரியும்.

என் தங்கை மகன் ஒரு சாதாரண நூறு சிசி பைக்குக்காகக் காத்திருந்த கதை நாட்டின் கதையோடு சேர்ந்தது. 2020 மார்ச்சில் டொலரைக் காப்பாற்ற வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. நடுவில், ஓடித் தேய்ந்த பைக்குகள் புதிதாக வாங்கிய விலையைத் தாண்டி விற்றன. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் வரை ஏறி, பிறகு கியூஆர் வந்து, பைக்குக்கு வாரம் நாலு லீற்றர் என்று அளந்து ஊற்றினார்களே, அப்போதுதான் இவன் மனம் கொஞ்சம் ஆறியிருந்தது. இறக்குமதி திறந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பெயர் பதிந்தான்.

அப்போதைய 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் வருடத்துக்கு 300 நாள் பேர் போட்டாலும் 405,000 ரூபாய்தான். அதில் ஒரு சதமும் தின்னாமல் வைத்திருந்தாலும் ஷோரூமில் இருந்த மிகக் குறைந்த விலைப் பைக்குக்குக் காணாது. ஆகவே தங்கையின் சீட்டுக் காசு முன்பணம், மீதி லீசிங்.

வண்டி எங்கள் டவுனிலிருக்கும் சின்னக் கடைக்கு லொறியில் வந்தது. ஏஜென்சியின் கிளைக்குக் கிளை அந்தக் கடை. புது பைக் ஓட்டிப் போகிற நிலையில் வரும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஹேண்டிலைக் கழற்றித் தாங்கியோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கண்ணாடிகள், மட்காட், சாரி காட் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டிக்குள். கம்பெனியில் முக்கால், கடையில் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் வேலையை வண்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒரு பாஸ் செய்கிறார். அவர் ஏஜென்சி ஆளுமில்லை, அவர் போட்டிருக்கும் சட்டையில் எந்தக் கம்பெனிப் பெயருமில்லை.

இதில் கேவலம் ஒன்றுமில்லை. இன்று உலகமே கொண்டாடுகிற புல்லட் சென்னையில் பிறந்ததும் இப்படித்தான். 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கியபோது, இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து கப்பலில் வந்த பாகங்களைத்தான் நம்மாட்கள் பூட்டினார்கள். கோக்கத் தெரிந்த கை இருந்தால் கோத்துக்கொள்ளலாம். வருகிற பாகம் கோணாமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

இவனுக்கு வந்தது கோணி வந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது ஹெட்லைட் கவரில் வெடிப்பு. பிறகு கிளச் லிவர் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. கியர் பெடல் என்ஜின் மூடியை முத்தமிட்டுக்கொண்டிருந்தது. தாங்கியின் இடப்பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு பள்ளம். மருமகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து லொறிக்காரர் தாளை நீட்டினார். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கீழே அச்சடித்திருந்தது.

"சைன் போடாதீங்க தம்பி" என்றார் பாஸ், நிமிராமலே.

"நான் எறக்கிட்டுப் போற ஆளுண்ணே. சும்மா ஒரு சைன்தானே."

"நீங்க போட்டுட்டா அது இங்க வந்து அடிபட்டதா ஆயிரும். ஒவ்வொண்ணா எழுதுங்க, போட்டோ எடுங்க, அதுக்கு அடியில போடுங்க."

பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. ஸ்டாண்டிலும் கால்மிதியிலும் இரும்பு தேய்ந்திருந்த இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒன்று வெள்ளி மாதிரிப் பளிச்சென்று இருந்தது. இன்னொன்று பழுப்பு. உப்புக்காற்றில் நின்ற கீறல் துருப்பிடிக்கும், இன்று காலை பட்டது பிடிக்காது என்றார். இவன் வண்டியில் இடப்பக்கத் தேய்ப்பெல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. கடலைத் தாண்டி ஒழுங்காக வந்த வண்டி, கொழும்பிலிருந்து மலையேறும் வழியில் எங்கோ ஒரு வளைவில் சாய்ந்திருக்கிறது. கட்டிய கயிறு தளர்ந்திருக்கும்.

சாமான் கட்டுவது இந்த மலைக்குத் தெரியாத வேலையுமில்லை. எத்தனையோ தலைமுறை இங்கிருந்து தேயிலை பலகைப் பெட்டியில்தான் லண்டன் ஏலத்துக்குப் போனது. ஒட்டுப்பலகை, ஓரங்களுக்குத் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள், பின்னாளில் அலுமினியத் தாள். ஒரு பொட்டு ஈரம் இறங்கினாலும் விலை விழும் என்ற பயத்தில் கட்டிய கட்டு அது. போகிற சரக்குக்கு இருந்த அந்தப் பயம் வருகிற சரக்குக்கு இல்லை. வெள்ளைக்காரன் வாங்குவதற்கும் லயத்துப் பையன் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

கண்ணில் படுகிற அடியைப் பற்றி பாஸ் அதிகம் கவலைப்படவில்லை. பள்ளத்தால் யாரும் சாவதில்லை என்றார். முன் சில்லைப் பூட்டி, எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஹேண்டில் நேராக இருந்தது, சில்லு லேசாக வலப்பக்கம் பார்த்தது. சாய்ந்த வேகத்தில் முன் ஷொக் இரண்டும் தம் பிடிக்குள்ளேயே முறுகியிருக்கின்றன. பிடி நட்டுகளையும் அச்சையும் தளர்த்தி, சில்லை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பி நேராக்கினார். அதோடு விடவில்லை. குழாய் இரண்டையும் கழற்றி மேசைக் கண்ணாடியில் உருட்டினார். வளைந்த குழாய் என்றால் உருளும்போது தூக்கித் தூக்கிப் போடுமாம். இரண்டும் சத்தமில்லாமல் உருண்டன. கிளச் லிவரை நிமிர்த்தித் தரச் சொல்லிக் கடைக்காரர் கேட்டதற்கு முடியாது என்றுவிட்டார். வார்ப்பு அலுமினியம் ஒருமுறை வளையும். நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, என்றைக்கோ ஒரு நாள் கையோடு வந்துவிடும்.

கடைசியாக ஸ்டார்ட் செய்து, சும்மா ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பினார். இடப்பக்கம் திருப்பும்போது என்ஜின் தானாக இரைந்தது. அக்சிலேட்டர் கேபிள் எங்கோ மாட்டி இழுபடுகிறது. சமவெளியில் இது ஒரு எரிச்சல். றம்பொடைக் கொண்டை ஊசி வளைவில், ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திரும்புகிற நேரம் பார்த்து வண்டி பாயுமானால்? 2025 மே மாதம் கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனது இதே கொத்மலைப் பாதையில்தான். அந்த வளைவைத் தாண்டித்தான் இவன் தினமும் வேலைக்குப் போக வேண்டும். கேபிளை உருவி வேறு வழியாக விட்டதும் இரைச்சல் நின்றது. புது பிரேக் லைனிங் ட்ரம்மோடு ஒட்டிப் பழகும் வரை இறக்கத்தில் வேகம் போகக் கூடாது, கியரிலேயே இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கொத்மலையில் இறக்கமில்லாத ரோட்டை எங்கே தேடுவது என்று மருமகன் முணுமுணுத்தான்.

இனி காசுப் பக்கம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது. முன்பு பார்த்திராத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும்வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்பது அதன் விதி. அந்தச் சட்டம் வந்த காலத்தில் நம் பாட்டன்மார் 'துண்டு' இல்லாமல் தோட்டம் மாற முடியாது. துண்டில் அவர்கள் பட்ட கடன் எழுதியிருக்கும். 1921இல் அதை ஒழித்தார்கள். இன்றைக்குப் பேரன் வாங்கிய பைக்கின் புத்தகத்திலும் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. வண்டி அடிபட்டு வந்தாலும், ஹெட்லைட் வருகிறது வருகிறது என்று கடையிலேயே நின்றாலும், தவணை ஒப்பந்தத் திகதியிலிருந்து ஓடும். சேதத்தைவிட எனக்கு இதுதான் அநியாயமாகப் படுகிறது. ஓட்டக்கூடிய நிலையில் கையில் கொடுத்த நாளிலிருந்து தவணையை எண்ணினால் என்ன கெட்டுப் போகும்? கயிறு அப்போது தானாக இறுகும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடிக்கப் போவதாக மருமகன் கடையில் சொன்னான். அடித்தானோ இல்லையோ, லிவரும் கியர் பெடலும் ஹெட்லைட்டும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தன. தாங்கிக்கு மட்டும் பதில் இல்லை. அது அழகு சம்பந்தப்பட்ட விஷயமாம். டின்கர் பாஸிடம் கொடுத்துத் தட்டி எடுத்து பெயின்ட் அடிக்கலாம் என்று அவன் கிளம்பியபோது என் தங்கை தடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும்டா. பள்ளம் விழுந்த வண்டின்னா ஒருத்தரும் இரவல் கேக்க மாட்டாங்க."

அடுத்த வாரமே மூன்று பேர் கேட்டார்கள்.