படத்தைப் பார்த்தாயா?



நம்மில் பெரும்பாலோர் பத்தாவது முடித்துவிட்டு இங்கே வந்தவர்கள். "இங்கிலீஷ் பேப்பரை எப்படிடா தாண்டினே?" என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மனப்பாடம்!" அந்த மனப்பாடத்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். கசந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

2023-இல் நான் பத்தாவது. பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசித் திருப்புதல் தேர்வு. ஒரு படம் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்லும் கேள்வி உண்டே, நினைவிருக்கிறதா? அதற்கு என்னிடம் ஐந்து வாக்கியம் தயாராக இருந்தது. "திஸ் பிக்சர் இஸ் வெரி பியூட்டிஃபுல், ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்" என்று ஆரம்பிக்கும். எந்தப் படத்துக்கும் பொருந்தும் சர்வரோக நிவாரணி! மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விடைத்தாள் திரும்பி வந்தது. மார்க் இல்லை. "படத்தைப் பார்த்தாயா?" என்று சிவப்பு மையில், தமிழிலேயே எழுதியிருந்தார் டீச்சர். வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு லாரி. நசுங்கிய சைக்கிள். ரோட்டில் விழுந்து கிடக்கும் ஒரு பையன்.

அந்த வருஷம்தான் எங்கள் தெருக்காரர் ஒருவர், ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டு மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். சட்டையெல்லாம் ரத்தம். அப்படிப்பட்ட நான்தான் விபத்துப் படத்தைப் பார்த்து "வெரி பியூட்டிஃபுல்" என்று எழுதியிருக்கிறேன்! அன்று மார்க் போனதைவிட அதுதான் உறுத்தியது.

"மனப்பாடம் பண்ணாதே" என்று சொல்வது சுலபம். வீட்டில் இங்கிலீஷ் வாசனையே இல்லாத பையனுக்கு, 35 எடுத்துப் பாஸ் பண்ண அது ஒரு தெப்பம். நானும் அதில் ஏறித்தான் வந்தேன், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றைத் தாண்டிய பிறகும் தெப்பத்தைத் தலையில் சுமந்துகொண்டு நடக்கலாமா? நாம் அதைத்தானே செய்கிறோம்! சீனியர் ரெக்கார்டைப் பார்த்து நம் ரெக்கார்டு. போன வருஷ புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து இந்த வருஷ ரிப்போர்ட். கடைசியில் ஒரு கம்பெனி இண்டர்வியூவில், "இன்பிளாண்ட் டிரெய்னிங்கில் பார்த்ததை அரைப் பக்கம் எழுதுப்பா" என்றார்கள். லேத் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

கணித மேதை ராமானுஜன் கதை உங்களுக்குத் தெரியும். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று அந்த உதவித்தொகையையே இழந்தார். அதே ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அவரைக் கடல் தாண்ட வைத்தது. அதன் ஆங்கிலம் முழுக்க அவருடையதாக இருக்காது என்று ஹார்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருக்கட்டுமே! மொழியைத் திருத்த நாலு பேர் உதவலாம். உள்ளே இருந்த சரக்கு அவருடையது. நாமோ தலைகீழ். மொழியும் இரவல், சரக்கும் இரவல்!

இப்போது என் தங்கை பத்தாவது படிக்கிறாள். அவளுக்கு நான் ரெடிமேட் வாக்கியம் கொடுப்பதில்லை. ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் நிற்க வைத்து, "என்ன தெரியுது, சொல்லு" என்பேன். யார் இருக்கிறார்கள்? என்ன செய்கிறார்கள்? எங்கே, எப்போது? அடுத்து என்ன நடக்கும்? உனக்கு என்ன தோணுது? ஐந்து கேள்வி, ஐந்து வாக்கியம். முதல் வாரம் அழுதாள். இப்போது, "ஆன் ஓல்ட் உமன் இஸ் செல்லிங் ஃபிளவர்ஸ். தி டிரெய்ன் இஸ் லேட். ஷி இஸ் ஹேப்பி" என்று எழுதுகிறாள். ரயில் லேட்டானால் பூக்காரம்மாவுக்கு ஏன் சந்தோஷம்? நின்று பார்த்தவளுக்குத்தானே அது தெரியும்! எந்த கைடில் இருக்கிறது அது? கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்பவருக்கு அவள் தமிழில் சொல்லும் வழியை அப்படியே இங்கிலீஷில் எழுதிப் பார்த்தால், மேப் கேள்விக்கும் பயிற்சியாகிவிடுகிறது. இலக்கணப் பிழை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பிழையைத் திருத்தலாம். எழுதாததை எப்படித் திருத்துவது?

நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. பொதுத்தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், அவரவர் தெருவில் பத்தாவது படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைப்போம். எழுதிக் கொடுக்க வேண்டாம், எழுத வைப்போம். அவர்களோடு நாமும் ஒரு பக்கம் எழுதுவோம். நமக்கும் அது தேவைதான், கூச்சப்பட என்ன இருக்கிறது?

அடுத்த முறை ஒரு படம் நம் முன்னால் வந்தால், முதலில் அதைப் பார்ப்போம். அப்புறம் எழுதுவோம்.

வாழ்த்துகளுடன்,
மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்,
ஊரப்பாக்கம்.