புடுங்கலாமா சார்?

பொட்டி தட்டுகிற கூட்டம் ஆபீஸ் வேலையை 'ஆணி புடுங்குறது' என்று சொல்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லப் போவது நிஜமாகவே புடுங்கின கதை. ஆணி இல்லை, கேபிள். அதுவும் புடுங்கவே கூடாத கேபிள்.

போன வாரம் ஆபீஸில் ஒரு கூட்டம். டேட்டா சென்டரில் ஃபைபர் இணைப்புகளை மனுஷன் கை படாமல் மெஷினே மாற்றிக் கொடுத்துவிடும் என்று ஒருத்தர் வந்து படம் போட்டு விளக்கினார். நல்ல மெஷின்தான், அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாலாவது ஸ்லைடில் கொட்டை எழுத்தில் 'மனிதத் தவறுக்கு இனி இடமில்லை' என்று போட்டிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டும்போதே மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அந்த உறுத்தலைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு முதலில் கொஞ்சம் பின்கதை. டேட்டா சென்டரில் இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லாமே மென்பொருள் கையில். புது சர்வர் வேணுமா, ஒரு கட்டளை. ஸ்விட்ச்சோட அமைப்பை மாத்தணுமா, இன்னொரு கட்டளை. லுங்கியோட வீட்டில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம் :-) ஆனால் இந்த ரேக்கிலிருந்து அந்த ரேக்குக்குப் போகிற கண்ணாடி இழையை மாத்தணும் என்றால், ஒரு மனுஷன் எழுந்து நடந்து போய், ஏணி போட்டு ஏறி, பேட்ச் பேனலில் சரியான போர்ட்டைத் தேடிப் பிடித்து, கையால் கழட்டி, கையால் சொருக வேண்டும். மேகம் மேகம் என்கிறோமே, அந்த மேகத்துக்குக் கீழே நடுராத்திரியில் ஒருத்தர் ஏணியில் நிற்கிறார்.

சொருகுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. சிங்கிள் மோட் இழையில் ஒளி போகிற நடுப்பாதை சுமார் 9 மைக்ரான்தான். நம்ம தலைமுடி அதைப்போல ஏழெட்டு மடங்கு தடிமன். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி முனையில் ஒட்டிக்கொண்டால் போச்சு, ஒளி பாதி வழியிலேயே செத்துப் போகும். அதனால் ஒவ்வொரு முறையும் முனையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்து, அப்புறம்தான் சொருகணும். பக்கத்து இழையை முழங்கை தட்டிவிடக் கூடாது. அதிகமாக வளைக்கக் கூடாது. இதையெல்லாம் ராத்திரி 2 மணிக்கு, காதடைக்கிற ஃபேன் சத்தத்தில் செய்யணும்.

இதை மெஷினிடம் கொடுக்க இப்போது ரெண்டு வழி நடைமுறையில் இருக்கிறது.

ஒன்று, கண்ணாடி வித்தை. முகம் பார்க்கிற கண்ணாடியைச் சொல்கிறேன். ஒரு பெட்டிக்குள் குட்டிக் குட்டி கண்ணாடிகள். எந்தக் கண்ணாடியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ, ஒளி அந்த இழைக்குப் போய்விடும். நடுவில் ஒளியை மின்சாரமாக மாற்றும் வேலையே இல்லை. அதனால் இன்றைக்கு 100 கிகாபிட், நாளைக்கு 400 கிகாபிட் என்று வேகம் ஏறினாலும் பெட்டி அதேதான். கூகிள் தன் ஜூபிடர் வலையமைப்பில் இதைப் போட்டு 2022-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டது. அவங்க கட்டின ஸ்விட்ச்சுக்குப் பேர் பாலோமர், 136 போர்ட் உள்ளே, 136 போர்ட் வெளியே. மேலடுக்கு மின் ஸ்விட்ச்சுகளையே தூக்கிவிட்டதால் மின்செலவு 41 சதவீதம், முதலீடு 30 சதவீதம் குறைந்ததாகக் கணக்குக் காட்டுகிறார்கள். 2023-ல் வந்த கட்டுரையில் இன்னும் சுவாரசியம். 4096 சிப் கொண்ட டிபியு வி4 கணினியை இப்படிப்பட்ட 48 ஸ்விட்ச்சுகளை வைத்துக் கோத்திருக்கிறார்கள். ஒரு பகுதி படுத்துவிட்டால் கண்ணாடியைத் திருப்பி, அதை ஒதுக்கிவிட்டு வேறு பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் ஏணி ஏற வேண்டாம்.

ரெண்டாவது வழி, நிஜ ரோபோ. பேட்ச் பேனலுக்குள்ளேயே ஒரு எந்திரக் கை. அது இழையின் முனையைப் பிடித்து, துடைத்து, இன்னொரு துளையில் சொருகும். கண்ணாடி வித்தை மாதிரி கண்ணிமைக்கும் வேகம் கிடையாது. ஆனால் சொருகிவிட்டால் கரண்ட் போனாலும் இணைப்பு அப்படியே நிற்கும். டெலிசென்ட் என்கிற அமெரிக்க நிறுவனத்தின் பெட்டியில் 1008 போர்ட்டுகள். இத்தனை இழைகளை மாற்றி மாற்றிச் சொருகினால் சிக்கு விழாதா? அதுதான் கணக்கு. பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். யார் யாரைத் தாண்டிப் போனார்கள் என்கிற வரிசை தெரிந்தால் பின்னலைச் சிக்கில்லாமல் பிரித்துவிடலாம். அதே யோசனைதான், முடிச்சுகள் பற்றிய கணிதத்தை வைத்து எந்திரக் கையின் பாதையைத் தீர்மானிக்கிறார்கள். இதைப் படித்தபோது ஒரு பொறியாளனாக எனக்குப் புல்லரித்தது.

நான் மெஷினுக்கு எதிரி கிடையாது. 1891-ல் அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துகொண்டிருந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். போட்டிக்காரரின் மனைவி ஆபரேட்டராக உட்கார்ந்து, தனக்கு வர வேண்டிய அழைப்புகளையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார் என்கிற கடுப்பில் கண்டுபிடித்ததாகக் கதை சொல்வார்கள். நம்ம நாட்டில் 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே முதல் எஸ்.டி.டி. வந்தது. டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் தேவுடு காத்த காலம் திரும்ப வரணும் என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சில வருஷம் முன்னால், சென்னைக்கு வெளியே இருக்கிற ஒரு டேட்டா சென்டரில் இணைப்புகளை இடம் மாற்றுகிற வேலை. எந்தக் கேபிளைக் கழட்டி எங்கே சொருகணும் என்று டிக்கெட் போடுகிற ஸ்க்ரிப்ட் நான் எழுதினது. அங்கே ராத்திரி ஷிஃப்டில் ஒரு அண்ணன். ஒப்பந்த ஊழியர், டிப்ளமா படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர். இருந்தாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

ராத்திரி 1:40-க்கு போன் வந்தது.

"சார், டிக்கெட்ல போர்ட் 23-ன்னு இருக்கு. ஆனா டேக்குல வேற சர்க்யூட் நம்பர் ஒட்டியிருக்கு. அந்தப் பக்கம் ஸ்விட்ச்ல லைட் வேற மின்னுது. புடுங்கலாமா சார்?"

எனக்குத் தூக்கக் கலக்கம். இன்னும் 60 டிக்கெட் பாக்கி.

"டேக் பழசா இருக்கும்ணே. டிக்கெட்ல இருக்கறதையே பண்ணுங்க."

பண்ணினார். ஒரு வாடிக்கையாளரின் இணைப்பு மொத்தமாக விழுந்தது. நான் திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்க, "சார், பழையபடி சொருகிடவா?" என்று கேட்டதும் அவர்தான். மொத்தம் 22 நிமிஷம்.

மறுநாள் அறிக்கை தயாரானது. 'காரணம்: களப் பணியாளரின் கவனக்குறைவு. மனிதத் தவறு.' மூன்றாம் நாள் ஸ்க்ரிப்ட்டைத் தோண்டினபோது எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் தரவுத்தளம் போர்ட்டுகளை 0-விலிருந்து எண்ணுகிறது. பேனலில் 1-லிருந்து அச்சடித்திருக்கிறது. நான் ஒன்றைக் கூட்ட மறந்திருக்கிறேன். கழட்ட வேண்டியது 24. கல்லூரியில் முதல் செமஸ்டர் பசங்க செய்கிற தப்பு.

மேலாளரிடம் சொன்னேன். "அறிக்கை போயாச்சு, நீ ஸ்க்ரிப்ட்டை சரி பண்ணிடு" என்றார். சரி பண்ணினேன். ஒரே வரி. அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அண்ணனை அடுத்த மாதம் அங்கே காணோம். ஒப்பந்தக்காரர் மாத்திவிட்டாராம். அவர் நம்பர் இன்னமும் என் போனில் இருக்கிறது. இதுவரை கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

இப்போது அந்த நாலாவது ஸ்லைடுக்கு வாங்க. அன்றைக்கு அந்த அண்ணன் இடத்தில் ரோபோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் 23-ஐத்தான் கழட்டியிருக்கும். சுத்தமாக, பக்கத்து இழை அசையாமல், முனையைத் துடைத்து. ஒரு வித்தியாசம்தான். அது போன் பண்ணியிருக்காது. அந்த ராத்திரி நடந்தது மனிதத் தவறுதான், ஆனால் செய்த மனிதன் ஏணியில் இல்லை, போனுக்கு இந்தப் பக்கம் இருந்தான். மெஷின் வந்தால் ஏணியில் இருப்பவர் போய்விடுவார். இந்தப் பக்கம் இருப்பவன் அப்படியே இருப்பான். அவன் தப்பு மட்டும் முன்னைவிட வேகமாகப் பாயும்.

பெரிய இடத்திலும் இதுதான் நடந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சுமார் 6 மணி நேரம் படுத்தது ஞாபகம் இருக்கிறதா? பராமரிப்பின்போது கொடுத்த ஒரே கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கிற முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுப்பதற்கென்றே வைத்திருந்த மென்பொருளில் ஒரு வழு, அதனால் அது தடுக்கவில்லை. கடைசியில் ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போய்த்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. உள்ளே நுழையவே நேரம் பிடித்தது, அவ்வளவு பலத்த பாதுகாப்பு.

அதனால் என் கட்சி இது. மெஷின் வரட்டும். ஆனால் அந்த அண்ணன் கேட்ட கேள்வியும் அதோடு சேர்ந்து வரணும். இது கஷ்டமான காரியமே இல்லை. எந்த இழையைக் கழட்டப் போகிறோமோ, அதன் ரெண்டு பக்கத்து லேசரையும் முதலில் மென்பொருளில் அணைக்கணும். அணைத்தால் பேனலில் ஒளி நிற்கணும். நிற்கவில்லையா? அப்போ நீ பிடித்திருப்பது வேற இழை. கையை எடு, மனுஷனைக் கூப்பிடு. ஒளியை அளக்கிற கருவி புதுசும் இல்லை. மெஷின் வாங்கும்போது 'அதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கலாம்' என்று விலைப் பட்டியலிலிருந்து முதலில் வெட்டப்படுவது இது மாதிரி சமாச்சாரங்கள்தான்.

இன்னொன்று. மெஷினுக்குத் தன் வயிற்றுக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். முதல் நாள் அந்த 1008 போர்ட்டுக்கும் வெளியிலிருந்து இழையைக் கொண்டு வந்து சொருகுவது மனுஷன்தான். அன்றைக்குப் பதிவேட்டில் ஒரு எண் தப்பாக ஏறினால், மெஷின் அந்தத் தப்பைக் காலத்துக்கும் விசுவாசமாகக் காப்பாற்றும். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பதை எக்செல் ஷீட்டைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ராத்திரி ஷிஃப்டில்தான் இருக்கிறார்கள். மெஷின் வந்ததும் முதலில் அவர்களை அனுப்பிவிடுகிற நிறுவனம், தன் ஞாபகசக்தியைத்தான் வெளியே அனுப்புகிறது. அந்த மெஷினை ஓட்ட அவர்களுக்கே கற்றுக்கொடுங்க. நாங்கள் ஸ்க்ரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டதைவிட இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

நேற்று அந்த மெஷினுக்கான தேவைப் பட்டியல் என்னிடம் வந்தது. ஒரு வரி சேர்த்தேன்: 'ஒளி வந்துகொண்டிருக்கும் இழையைக் கழட்டச் சொன்னால், கழட்டாமல் திரும்பக் கேட்க வேண்டும்.' இது யாரோட யோசனை என்று கேட்டால் சொல்ல ஒரு பெயரும் தயாராக வைத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை.

டிஸ்கி: 0-வா 1-ஆ என்று இப்போதெல்லாம் வீட்டில் தோசை எண்ணும்போதுகூட ரெண்டு தடவை சரிபார்க்கிறேன். ஒன்று குறைவாகத்தான் வருகிறது. அது ஸ்க்ரிப்ட் கோளாறு இல்லை, தம்பி கோளாறு :-)