காட்டுத்தீயை அணைப்பது யார் வேலை?

2024 ஏப்ரல் கடைசி வாரம் நைனிதாலைச் சுற்றியுள்ள காடுகள் எரிந்தபோது தொலைக்காட்சிகள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டின. விமானப்படையின் எம்.ஐ-17 ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியின் மேல் தாழப் பறக்கிறது. கயிற்றில் தொங்கும் ராட்சத வாளியில் தண்ணீரை மொள்கிறது. புகை மண்டிய மலைச்சரிவில் கொட்டிவிட்டு மறுபடி ஏரிக்குத் திரும்புகிறது. நைனி ஏரியில் படகுச் சவாரியும் நின்றுபோனது. சுற்றுலாப் பயணிகள் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

அந்தப் படத்தில் சிக்காத ஆட்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

உத்தராகண்டின் குமாவுன் மலைகளில் சீர் எனப்படும் பைன் மரங்கள் அதிகம். கோடையில் அதன் ஊசி இலைகள் உதிர்ந்து மெத்தை போலக் குவியும். பிருல் என்று அங்கே சொல்கிறார்கள். பிசின் ஊறிய சருகு, தீப்பொறி பட்டால் போதும். ஹெலிகாப்டர் கொட்டும் தண்ணீர் மேலே எழும் தழலை அடக்கும். சருகுக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பை யாராவது நடந்துபோய்த்தான் அணைக்க வேண்டும். பச்சைக் கிளைகளை ஒடித்து அடிக்கிறார்கள். சருகை வாரி ஒதுக்கி, தீ தாண்டாதபடி வெறும் மண்ணாக ஒரு கோடு எடுக்கிறார்கள். மலைச்சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். அதே நேரம் எரியும் பைன் காய்கள் கீழே உருண்டு, அணைக்க வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் புதிதாகப் பற்றவைக்கும். காற்று திரும்பினால் ஓட இடமிருக்காது.

அந்த ஆண்டு ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் அதுதான் நடந்தது. தீயணைக்க அனுப்பப்பட்ட எட்டுப் பேரில் நால்வர் அங்கேயே எரிந்து இறந்தார்கள். ஒருவர் வனத்துறை பீட் அலுவலர், ஒருவர் தீக்காவலர், ஒருவர் பி.ஆர்.டி. துணைப்படைக்காரர், ஒருவர் தினக்கூலி. காயமடைந்த நால்வரை தில்லி எய்ம்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் மரணம் தொடர்ந்தது. இவர்கள் இறந்த பிறகுதான் பின்சருக்காக ஹெலிகாப்டர் பீம்தாலில் தண்ணீர் மொள்ள வந்தது. சில உயர் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்ததாக அறிவித்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றார்கள். (மலக்குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். அந்தத் தொகைக்கே எத்தனை ஆண்டுப் போராட்டம்!)

இறந்தவர்களின் சாதியைத் துருவி எழுதுவது எங்கள் நோக்கமில்லை. அவர்களின் வேலை எந்த வகையில் வைக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை தீப் பருவம் என்று உத்தராகண்ட் அரசே நாள் குறித்திருக்கிறது. தீக்காவலர் அந்த நான்கு மாதத்துக்கு எடுக்கப்படும் ஆள். மழை வந்தால் வேலை போய்விடும். ஆண்டுதோறும் வருமென்று தேதி சொல்லித் தெரிந்த ஒரு ஆபத்தை, ஆண்டுதோறும் தற்காலிக ஆட்களைக் கொண்டு சமாளிக்கிறார்கள். அதே ஆண்டு வனத்துறை ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. சமூகவியல் படிக்கும் தோழர்கள் 1927 இந்திய வனச் சட்டத்தின் 79-ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துவிடுங்கள். காப்புக் காட்டிலோ பாதுகாக்கப்பட்ட காட்டிலோ ஆடு மாடு மேய்க்கிறவர், விறகோ வேறு பொருளோ எடுக்க அனுமதி பெற்றவர், அவர்களிடம் வேலை செய்கிறவர், ஊருக்குச் செய்யும் ஊழியத்துக்காக அரசிடம் ஊதியம் வாங்குகிற கிராமத்து ஆள் எல்லோரும் தீ பரவுவது தெரிந்தால் யாரும் அழைக்காமலே அணைக்க இறங்க வேண்டும். தவறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூலி, கருவி, காயம், சாவு பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. ஏரிக்கரையில் விடுதி கட்டிப் பைன் காட்டின் அழகைக் காட்டிக் காசு பார்ப்பவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். விறகு பொறுக்கும் அம்மா வருவார்.

இதே குமாவுனில்தான் 1921 ஜனவரியில், பாகேஸ்வரில் சரயு ஆறும் கோமதி ஆறும் கூடுமிடத்தில், உத்தராயணித் திருவிழாக் கூட்டம் கூலி பேகார் பதிவேடுகளைச் சரயுவில் வீசியெறிந்தது. வெள்ளை அதிகாரிகளின் மூட்டை சுமக்க ஊர்க்காரர்களைக் கட்டாயப்படுத்திய முறை அதோடு ஒழிந்தது. அந்தக் கோடையில் காடுகளும் பற்றி எரிந்தன. எரிந்தவை பெரும்பாலும் அரசுக்குப் பிசின் வருமானம் தந்த சீர் காடுகள். ஊர் மக்களுக்குத் தீவனமும் விறகும் தந்த அகன்ற இலைக் காடுகள் பெரும்பாலும் தப்பின என்கிறார் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா. மூட்டை சுமக்கும் பேகார் ஆற்றில் போயிற்று. ஆறு ஆண்டு கழித்து வந்த சட்டத்தில் நெருப்பு அணைக்கும் பேகார் இடம்பிடித்துக்கொண்டது.

பேகாருக்குத் தமிழில் நம்மிடம் பழைய சொல் உண்டு: வெட்டி. வெட்டியான் என்ற பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிணம் எரிப்பது, பறை அடிப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது எல்லாம் ‘ஊருக்குச் செய்யும் ஊழியம்’ என்ற பெயரில் யார் தலையில் விழுந்தது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு பேகாரைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயப் பணி கேட்கலாம். ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துக் கேட்கக் கூடாது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982 ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த அளவுகோலை 79-ஆம் பிரிவின் மேல் வைத்துப் பார்த்தால் அது நிற்குமா? எங்களுக்கு நம்பிக்கையில்லை.

“ஊர் மக்களே விரும்பித்தான் அணைக்கிறார்கள்” என்று சூழலியல் நண்பர்கள் சிலர் சொல்வார்கள். உண்மைதான். அல்மோராவின் சீத்லாகேத் பகுதிப் பெண்கள், கோசி ஆற்றுக்கு நீர் தரும் ஊற்றுகள் வற்றக் கூடாது என்று தங்கள் காட்டைத் தீயிலிருந்து காத்து வருகிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த விருப்பத்தைக் காட்டி அரசு தன் செலவை மிச்சம் பிடிப்பதை ஏற்க முடியாது. அங்குள்ள தலித்துகளான சில்பகார்கள் கொல்லர், தச்சர், கொத்தனார், மேளக்காரர் என்று ஊருக்கு உழைத்தவர்கள். நிலம் குறைந்தவருக்குத்தான் காடும் தினக்கூலியும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. காட்டைப் பற்றி முடிவெடுக்கும் வனப் பஞ்சாயத்துகளிலோ நிலமுள்ள மேல்சாதி ஆண்களின் குரல்தான் ஓங்கியிருக்கிறது.

“தீ வைப்பதே மனிதர்கள்தானே” என்பது அடுத்த வாதம். அந்தப் பருவத்தில் மட்டும் 398 தீ, எல்லாமே மனிதர் வைத்தவை, 350 வழக்குகள், 62 பேர் மீது குற்றச்சாட்டு என்று 2024 மே மாதம் உத்தராகண்ட் அரசு உச்ச நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னது. குற்றவாளிகளை எண்ண முடிந்த அரசு, தீயணைக்கப் போனவர்களில் எத்தனை பேரிடம் தீ தாங்கும் உடுப்பு இருந்தது என்பதையும் எண்ணிச் சொல்லலாமே. பிருலைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்கும் திட்டத்தை அதே மாதம் அறிவித்தார்கள். நல்ல திட்டம். பணத்தை நேரத்தில் தரட்டும்.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டபோது முதலில் மேலே ஓடியவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். அடுத்த தீப் பருவத்துக்கு முன்பே உங்கள் மாவட்ட வனக் கோட்டத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். தீத்தடுப்புப் பணியில் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர், ஒரு நாள் கூலி என்ன, கடைசியாக எந்த மாதம் பட்டுவாடா ஆனது, கொடுக்கப்பட்ட காலணி, உடுப்பு, முகமூடி எத்தனை, காப்பீடு உண்டா, இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு, எந்த அரசாணைப்படி என்று கேளுங்கள். பதிலின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள்.