ஆடுவதற்கும் அனுமதிச் சீட்டா?

தம்மம்பட்டித் தச்சர்கள் செதுக்கும் மர நடராஜனுக்கு ஒரு கால்தான் தரையில் இருக்கிறது. மற்றொன்று அந்தரத்தில் நிற்கிறது. அதை விலை கொடுத்து வாங்கி நடுவீட்டில் வைத்து, "ஆகா, என்ன ஆட்டம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். அதே தெருவில் ஒரு கால் இல்லாத தோழர் தவில் சத்தத்திற்குத் தோளை அசைத்தால், "ஐயோ பாவம்" என்கிறார்கள், அல்லது சிரிக்கிறார்கள். மரத்துக்குள்ள யோக்கியதை மனிதனுக்கு இல்லையா என்று கேட்கிறோம்.

இஃதொருபுறமிருக்க, நம் திருச்செங்கோட்டு மலையில் ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகளேறி, பாதி ஆண் பாதி பெண் என்னும் சாமியின் முன் விழுந்து கும்பிடுகிறவர், கீழே இறங்கியதும் பஸ்ஸில் ஒரு திருநங்கை பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார். சிலையானால் தெய்வம், உயிரோடிருந்தால் கேலிப்பொருளா?

"அவர்கள்தான் சித்திரையில் கூவாகத்தில் ஆடுகிறார்களே" என்று வைதீகர்கள் சொல்லக்கூடும். அந்த ஆட்டத்தின் கதை என்ன? அரவான் பெயரால் தாலி கட்டிக்கொண்டு ஓரிரவு ஆடலாம். விடிந்ததும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளை உடுத்தி ஒப்பாரி வைக்க வேண்டும். ஆடுவதற்கு ஒரு புராணத்தின் சீட்டு. அதற்குக் கூலி விதவைக் கோலம்! தங்கள் கூட்டத்தாரைக் காண்பதில் அங்கே அவர்களுக்குள்ள சந்தோஷத்தை நாம் குறை சொல்லவில்லை. அது அரவானில்லாமலும் கிடைக்கட்டும் என்கிறோம்.

வெளிநாட்டு நகரங்கள் சிலவற்றில் ஆணோடு ஆணும், பெண்ணோடு பெண்ணும், திருநங்கையரும், சக்கர நாற்காலிக்காரரும், காது கேளாதவரும் ஒன்றாய்க் கூடி ஆடும் கூட்டங்கள் நடக்கின்றன. வாசலில் சாய்தளம், பாட்டைச் சைகையில் சொல்ல ஒருவர், இரைச்சல் தாங்காதவருக்குத் தனி அறை. வலிப்புள்ளவரை உத்தேசித்து மின்னி மின்னி அணையும் விளக்குகள் கிடையா. காது கேளாதவர் எப்படி ஆடுவார் என்று சிரிக்க வேண்டாம். பறையின் அதிர்வு தரை வழியாகவும் நெஞ்சு வழியாகவும் வருகிறது.

நமது சட்டம் தடுக்கிறதா? வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய 377-வது பிரிவு, வயது வந்தோர் சம்மதித்த உறவுக்குச் செல்லாதென்று 2018 செப்டம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தாய்விட்டது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, கலையிலும் பொழுதுபோக்கிலும் அவர்கள் சமமாய்க் கலந்துகொள்ள சர்க்கார் வழி செய்ய வேண்டுமென்கிறது. ஆனால் நம் கல்யாண மண்டபங்களைப் பாருங்கள். வாசலிலேயே ஏழெட்டுப் படி, பந்தி மாடியில், கக்கூசுக் கதவில் ஆண் படம் ஒன்று, பெண் படம் ஒன்று.

மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1981-ல் விபத்தில் காலிழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் கால் பூட்டி மறுபடி மேடையேறினார். மெத்த சந்தோஷம். ஆனால் பட்டம் வாங்கினவரே ஆடலாம் என்பதும் ஒரு வருணாசிரமந்தான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிக்கும் நம் ஆட்கள் எந்த நட்டுவனாரிடம் பயின்றார்கள்?

ஆகவே, அடுத்த கல்யாணத்துக்கோ ஆண்டு விழாவுக்கோ மண்டபம் பேசப்போகும் தோழர்கள், வாடகை கேட்குமுன் சாய்தளம் உண்டா என்று கேளுங்கள். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்வு வேண்டும். பலகையும் சட்டமும் வாங்கினால் ஆயிற்று. தம்மம்பட்டியில் தச்சருக்கா பஞ்சம்?