எண்ணைப் பார்த்தீர்கள், இரும்பைப் பார்த்தீர்களா?

15 ஆண்டு முடிந்த கார் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு வருகிறது. பானெட்டைத் திறக்கிறார்கள். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கிறார்கள். ஹாரன் சரி, விளக்கு சரி. கையெழுத்து விழுகிறது. இன்னும் 5 ஆண்டுக்கு அந்த வண்டி ஓடலாம்.

எண் பொறித்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி விரிசல் ஓடுகிறது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் வண்டியைத் தூக்க வேண்டும். யாரும் தூக்கவில்லை.

மாருதி 800 போன்ற கார்களுக்கு அடியில் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளை இணைத்துச் செய்த உடற்கூடுதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் இடமோ, லோயர் ஆர்ம் பூட்டியிருக்கும் இடமோ விட்டுப்போனால் சக்கரம் தன் நிலையில் நிற்காது. 2015 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் சென்னையில் மூழ்கிய கார்களின் பெட்டித் தகடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. துரு உள்ளிருந்து தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கிறது.

பட்டறைக்காரர்களும் தப்ப முடியாது. விரிசல் மேல் ஒரு வெல்டிங் கோடு. அதன் மேல் பட்டி. அதன் மேல் கறுப்பு அண்டர்கோட்டிங். இதற்கு ரிப்பேர் என்று பில் வேறு.

முறை தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடியுங்கள். கண்ணுக்குத் தப்பிய விரிசலும் சிவப்புக் கோடாக எழும். அதன் நுனியில் துளை போட்டு, மேலே ஓடாமல் நிறுத்திவிட்டு வெல்டிங் வையுங்கள். துரு தின்ற தகட்டை வெட்டியெறிந்து அதே கனத்தில் புதுத் தகடு சேருங்கள். லோயர் ஆர்மும் ஸ்டியரிங் நக்கிளும் விரிசல் விட்டால் வெல்டிங் பேச்சே கூடாது, மாற்றுங்கள்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இருந்தது. பிறகு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. பழைய கார்களுக்கு அதே மைதானம், அதே பென்சில்.

2022 ஏப்ரலில் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. கட்டணம் உயர்ந்தது. சோதனை உயரவில்லை.

போக்குவரத்துத் துறை பதில் சொல்ல வேண்டும். தூக்கிப் பார்க்காத காருக்குப் புதுப்பிப்பு கூடாது. விரிசல் கண்ட இடம், செய்த வேலை, செய்த பட்டறை மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆய்வாளரின் பெயரும் ஏற வேண்டும். நாளை அந்த இணைப்பு விட்டு உயிர் போனால், வெல்டிங் வைத்தவரும் கையெழுத்திட்டவரும் ஒரே குற்றப்பத்திரிகையில் வர வேண்டும்.