மதராஸ் வண்டியும் மான்குர்த் நண்பர்களும்

மும்பையில் வாழும் நம்மவர்களுக்குச் சேமிப்பு என்றால் மூன்றுதான் தெரியும். ஊரில் ஒரு மனை, பெண்ணுக்கு நகை, வங்கியில் வைப்புத்தொகை. கூரையில்லாத சின்னக் கார் இந்தப் பட்டியலில் சேராது. நம் சங்கத்து நண்பர்கள் சிலர், "ரிட்டயர் ஆன பிறகு கோயில், குளம் என்று போகாமல் இதென்ன விளையாட்டு சார்?" என்று என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் நல்லவர்கள், அக்கறையில் கேட்டார்கள். ஆனால் அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே கூரையில்லாமல், இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்னக் காரை ரோட்ஸ்டர் என்பார்கள். எம்.ஜி., டிரையம்ப் என்று ஆங்கிலேயர்கள் கொடிகட்டிப் பறந்த துறை இது. பிறகு அவர்கள் ஓய்ந்துவிட, 1989-ல் ஜப்பானின் மாஸ்டா கம்பெனி எம்.எக்ஸ்.5 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 2016-ல் அதன் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரும் வண்டிக்குப் பத்து லட்சம் என்பது சாதாரணக் கணக்கல்ல. நம் நாட்டில் இந்த வகை எடுபடவில்லை. வெயில், புழுதி, மழை ஒரு காரணம். அம்பாசடரில் எட்டுப் பேரையும் ஒரு பலாப்பழத்தையும் ஏற்றிப் பழகிய நமக்கு இரண்டே இருக்கை என்பது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். 1998-ல் சான் ஸ்டார்ம் என்று ஒரு வண்டி வந்தது. கோவாவில் தயாரித்தார்கள். ஃபைபர் உடம்பு, 1149 சி.சி. ரெனோ எஞ்சின், மடக்கு கூரை. பார்க்க அழகு, விற்பனை போதவில்லை, நின்றுபோயிற்று.

ஆனால் ரோட்ஸ்டருக்கு மிக நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் நம் மதராஸில் பிறந்தான். அவன்தான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-ல் மதராஸில் தொடங்கிய கம்பெனி. வண்டலூர்ப் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு அந்தத் தொழிற்சாலை நினைவிருக்கும். 1961-ல் ஹெரால்ட் வெளிவந்தது. 948 சி.சி. எஞ்சின், உடம்பை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோத்தி. அம்பாசடரும் ஃபியட்டும் மட்டும் ஓடிய சாலையில் பட்டணத்துப் பெண் ஊர்த் திருவிழாவுக்கு வந்ததுபோல இருக்கும். முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்த்து பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாயும். எஞ்சின் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அதைத் திருப்பிக் காட்டினால் ஆட்டோக்காரர்களே வாய் பிளப்பார்கள்.

என் போன்றவர்களுக்கு முக்கியம் வேறொன்று. இன்றைய கார்களில் உடம்பே எலும்புக்கூடு. கூரையை அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஹெரால்டுக்குக் கீழே தனியாக இரும்புச் சட்டம், சேஸிஸ், உண்டு. பாரத்தை அதுதான் தாங்குகிறது. உடம்பு பல துண்டுகளாக அதன்மேல் போல்ட் போட்டு நிற்கிறது. கூரையும் ஒரு தனித் துண்டு. ஸ்பேனர் இருந்தால் கழற்றலாம். இங்கிலாந்தில் 1960-லேயே இதைத் திறந்த வண்டியாகவும் விற்றார்கள். இதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பேர்பெற்ற ரோட்ஸ்டர் வந்தது. ஆக மதராஸ் ஹெரால்ட் அதற்கு அண்ணன் முறை! மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளைச் சட்டம் வேறு, உடம்பு வேறு என்று பிரித்து மாட்டி முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவனுக்கு இந்த வண்டியைக் கண்டதும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

1994-ல் தாதர் பார்சி காலனியில் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். இரண்டு கதவு மாடல். எழுபதுகளிலேயே அவர் கூரையைக் கழற்றி, கதவுகளுக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் கொடுத்து, ஆர்.டி.ஓ.வில் காட்டிப் பதிவுப் புத்தகத்திலும் எழுதி வாங்கியிருந்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டவர், "மாதம் ஒருமுறை என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போட்டார். அவர் இருந்தவரை, பதினோரு வருஷம், தவறாமல் போனோம். எனக்கு குஜராத்தி வராது, அவருக்குத் தமிழ் வராது, இருவர் இந்தியும் கேட்கச் சகிக்காது. அதனால் நாங்கள் அதிகம் பேசியதில்லை.

மும்பை ஃபியட்டின் ஊர். பிரீமியர் கம்பெனி குர்லாவிலேயே இருந்தது. பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் வரை இங்கே ஓடின. ஃபியட்டுக்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் குர்லா கடைத்தெருவில் எவரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்கள். ஹெரால்டுக்கு என்றால், "மதராஸி காடியா?" என்று சிரிப்பார்கள். பாகம் கிடைக்காது என்பதால்தான் ஆட்கள் கிடைத்தார்கள். இதுதான் என் கட்சி. எல்லாம் கடையில் கிடைக்கிற வண்டியை வைத்திருப்பவருக்கு மெக்கானிக் ஒருவர் போதும். கிடைக்காத வண்டியை வைத்திருப்பவருக்கு ஊரே வேண்டும்.

மழைக்கு ஒரு துணிக்கூரை வேண்டியிருந்தது. தாராவியில் ஆட்டோவுக்கு ஹூட் தைக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு அளவு யாரு கொடுப்பா? நாமளே எடுக்கணும். ஞாயித்துக்கிழம கொண்டாங்க" என்றார். ஒரு ஞாயிறு என்றது ஆறு ஞாயிறாயிற்று. முதலில் செய்தித்தாளை ஒட்டி மாதிரி வெட்டினார். அப்புறம் பழைய பேனர் துணியில் தைத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் நல்ல கான்வாஸில் கை வைத்தார். மடங்குகிற சட்டத்துக்குக் குழாய் வளைத்தவர் மான்குர்த்தில் இரும்புக் கட்டில் செய்யும் உத்தரப் பிரதேசத்து இளைஞர். டெண்டிங் வேலை குர்லா பாய் ஒருவருடையது. சுத்தியலைத் தகட்டின் மேல் வைப்பதற்கு முன் உள்ளங்கையால் தடவிப் பார்த்து மேடு பள்ளத்தைக் கண்டுபிடிக்கிற மனிதர். ஜன்னல் ஏற்றும் கைப்பிடி, கதவுக் கீல் போன்றவற்றுக்கு மாண்டலா பழைய இரும்புக் கிடங்குகளே கதி. அங்கே எனக்காக ஒரு டின் தனியாக உண்டு. ஹெரால்டைப் போலத் தோன்றும் எதுவும் அந்த டின்னில் விழும். பாதி ஹெரால்டுடையது அல்ல. ஒருமுறை தையல் மிஷின் பெடல் இருந்தது.

இவர்களில் ஒருவரையும் அலுவலகமோ ஜாதியோ ஊரோ எனக்கு அறிமுகம் செய்யவில்லை. பாயின் மகள் கல்யாணத்துக்கு நான் போனேன். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ரத்தம் கொடுக்க முதலில் வந்து நின்றவர் அந்தக் கட்டில்காரர். நம்மவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முப்பது வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் பக்கத்து வீட்டு மராட்டியர் பெயர் தெரியாத தமிழ்க் குடும்பங்களை நான் அறிவேன். மொழி தெரியாததுதான் காரணம் என்கிறார்கள். ஒன்றாகச் செய்ய ஒரு வேலை இல்லாததுதான் காரணம் என்பேன் நான்.

இப்போது எங்கள் வட்டத்தில் ஒன்பது பேர். எல்லோரிடமும் ஹெரால்ட் இல்லை. கூரை வெட்டிய ஃபியட் ஒன்று, சான் ஸ்டார்ம் ஒன்று, வாஷியிலிருந்து ஜிப்சியில் வரும் இரண்டு பையன்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கழிமுகப் பாலத்தைத் தாண்டி, இட்லி தின்றுவிட்டு எட்டரைக்குத் திரும்பிவிடுவோம். பக்கத்தில் ரயில் பாலம் தெரியும். 1992-ல் மான்குர்த்திலிருந்து வாஷிக்கு ரயில் விட்ட கதையை நான் சொல்லத் தொடங்கினால் பையன்கள் எஞ்சினை உறுமவிட்டு என் வாயை அடைத்துவிடுவார்கள். அடல் சேதுவில் நூறு கிலோமீட்டர் வேகம் போகலாம் என்கிறார்கள். எங்களுக்கு ஐம்பது போதும். ஹெரால்டின் பின் ஆக்ஸில் அப்படி. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரங்கள் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். 1972-ல் வந்த கேஸல் மாடலில் இதை மாற்றி வழக்கமான முழு ஆக்ஸில் போட்டதே நம் சாலைகளின் தொல்லையால்தான்.

வண்டியை மாற்றி அமைப்பதில் எங்களுக்குள் சண்டை உண்டு. மாருதி எஞ்சினை வைத்துவிட்டால் தொல்லை விட்டது என்பார்கள் பையன்கள். தொழிற்சாலையில் வந்த ஒரு வாஷரைக்கூட மாற்றக் கூடாது என்பார் செம்பூர்க்காரர் ஒருவர். நான் ரயில்வேக்காரன். அங்கே ஒரு பெட்டியில் சின்ன மாற்றம் செய்வதென்றாலும் லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ.வின் வரைபடமும் அனுமதியும் வேண்டும். யார் செய்தது, எப்போது செய்தது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு கெடுபிடி அல்ல. பின்னால் வருகிற பிட்டரின் உயிர் அதில் இருக்கிறது. ஆகவே என் சட்டம் இது: பிரேக், ஸ்டியரிங், சேஸிஸ் மூன்றையும் இஷ்டத்துக்குத் தொடாதே. மற்றதில் எதைச் செய்தாலும் பழையபடி திருப்பி மாட்டும்படி செய். வெட்டாதே, கழற்று. செய்ததை நோட்டில் எழுது. நான்கு கதவு ஹெரால்டின் கூரையில் கை வைக்காதே. நடுத்தூணை என்ன செய்வாய்? சைலன்சரை அறுத்துவிட்டு ஊரை எழுப்புகிறவர்களை எங்கள் வட்டத்தில் சேர்ப்பதில்லை.

அரசாங்கத்தின் பார்வையோ வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிற்று. இன்றைய வண்டிகளுக்கு இது சரியே. ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. இருபதாயிரம் ரூபாய் கட்டினால் 'வின்டேஜ்' என்று பத்தாண்டுக்குப் பதிவு. ஆனால் சேஸிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாமல் ஆதி வடிவில் இருக்க வேண்டும்; கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் வரலாம்.

இதில் என் வண்டி எங்கே நிற்கிறது? மூடிய வண்டியாகச் சில வருஷம், சட்டப்படி எழுதி வாங்கித் திறந்த வண்டியாக ஐம்பது வருஷம். எது ஆதி வடிவம்? "ஒரு பழைய கூரையைத் தேடி மாட்டிவிடுங்கள் அங்கிள், வின்டேஜ் ஆகிவிடும், விலையும் ஏறும்" என்று விவரம் தெரிந்த ஒருவர் ஆலோசனை சொன்னார். வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் அப்படி மாற்றித் தானே வைத்துக்கொள்வதாக நல்ல விலையும் கேட்டார். டொராண்டோவிலிருக்கும் என் மகன், "கொடுத்துடுங்கப்பா" என்கிறான். நான் கொடுக்கவில்லை. அந்தக் கான்வாஸில் அண்ணாச்சியின் ஆறு ஞாயிறு இருக்கிறது. அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு 1960-களின் வண்டி என்று காட்டினால், அது பொய்யில்லாவிட்டாலும் பாதி உண்மைதான். முறையாக அனுமதி பெற்று, கைவேலையால் மாற்றி, நீண்ட காலம் ஓடிய வண்டிகளுக்கும் விதியில் ஓர் இடம் வேண்டும். பொறியாளர் ஒருவர் பார்த்துச் சான்று தரட்டும். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று கட்டுப்படுத்தட்டும். பெட்ரோல் புகைக்கு எதிரானவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. வாரம் ஒரு நாள் முப்பது கிலோமீட்டர் ஓடும் வண்டியை வேறு கணக்கில் வையுங்கள் என்பதே வேண்டுகோள்.

செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். வருஷத்துக்கு எனக்கு ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஊருக்கு ஏ.சி. வகுப்பில் போய் வருகிற செலவுக்குள்தான். நிறுத்துமிடத் தகராறு தனிக் கதை. எங்கள் கட்டடத்துக் கமிட்டி இரண்டு முறை 'பங்கார் வண்டியை அகற்றவும்' என்று நோட்டீஸ் ஒட்டியது. மூன்றாம் முறை ஒட்ட வந்த செயலாளர், பானெட் திறந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் கேள்வி கேட்டார். நோட்டீஸ் அவர் பையிலேயே இருந்துவிட்டது.

எனக்கு உள்ளூரக் கவலை வேறு. தாராவி மறுசீரமைப்பு நடந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சியின் கடை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. "மாடியில எடம் குடுத்தா ஆட்டோவ எப்படி சார் ஏத்துறது?" என்று கேட்கிறார். இதற்கு எந்தப் பொறியாளரிடமும் பதில் இல்லை. பாய்க்குக் கண் மங்கிவிட்டது. மகன் மொபைல் கடை வைத்திருக்கிறான். கையால் தடவி மேடு பார்க்கும் வித்தையை வாஷிப் பையன்களில் ஒருவன் கற்றுக்கொண்டு வருகிறான், கணினிக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். நம் சங்கத்துப் பிள்ளைகளில் யாரேனும் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மான்குர்த் பக்கம் வந்தால், ஸ்பேனர் பிடிக்க நான் சொல்லித்தருகிறேன். பெண் பிள்ளைகளும் வரலாம். கை அழுக்காகும், அவ்வளவுதான்.

இன்னொரு உதவி. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் தாத்தா வீட்டுப் பின்கட்டையும் மாட்டுக் கொட்டகையையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஹெரால்டின் இடதுபுறக் கதவுக் கைப்பிடியும் முன்கண்ணாடி ரப்பரும் எனக்கு வேண்டும். பழுதாக இருந்தாலும் பரவாயில்லை. மாதிரி இருந்தால் இங்கே லேத்தில் செய்துகொள்வோம்.