காரில் பெரிய வீல் மாட்டப் போறீங்களா? சொகுசு முதல் மைலேஜ் வரை... என்னென்ன மாறும்?

கார் வாங்கி ஆறு மாசம்கூட ஆகியிருக்காது. 'கம்பெனி கொடுத்த வீல் சின்னதா இருக்கு, ஒரு சைஸ் பெருசா போட்டா கெத்தா இருக்கும்' என்று டயர் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள் சிலர். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பது, டயர் மாற்ற நினைப்பவர்களுக்குக் கூடுதல் வசதி.

ஆனா, வீல் பெருசானா கார் பார்க்க மட்டும்தான் மாறுமா? இல்லை. சொகுசு, ஸ்டீயரிங், மைலேஜ், இன்சூரன்ஸ் என்று பல விஷயங்கள் மாறும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டயரில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப வேரியன்ட்களில் 165/80 ஆர்14 டயர் வரும். இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, அந்த அகலத்தில் 80 சதவீதம் டயரின் பக்கவாட்டு உயரம் என்று அர்த்தம். அதாவது 132 மி.மீ. இதைத்தான் 'சைடுவால்' என்கிறார்கள். 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

அதே ஸ்விஃப்ட்டின் உயர் வேரியன்ட்களில் 185/65 ஆர்15 டயர் வரும். சைடுவால் 120 மி.மீ. ஆகிவிடும். வெளியே கடையில் 16 இன்ச்சுக்குப் போய் 195/55 ஆர்16 மாட்டினால், சைடுவால் வெறும் 107 மி.மீ. தான்.

இந்த மூன்றிலும் சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட 62 செ.மீ. தான். அப்போ என்ன மாறியது? இரும்பு கூடியது, ரப்பர் குறைந்தது. 14 இன்ச்சிலிருந்து 16 இன்ச்சுக்குப் போனால், ரப்பர் உயரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காலி!

சொகுசு ஏன் குறையுது?

பள்ளத்தில் கார் இறங்கும்போது முதல் அடியை வாங்குவது சஸ்பென்ஷன் இல்லை, டயர்தான். உள்ளே இருக்கும் காற்றும், வளைந்து கொடுக்கும் சைடுவாலும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கின்றன. அந்த உயரம் குறைந்தால், அதிர்வு நேராக சீட்டுக்கு வந்துவிடும். பின் சீட்டில் உட்காரும் வயசானவங்க முதுகுக்குத்தான் அது முதலில் தெரியும்.

இன்னொரு காரணம் எடை. அலாய்னா லேசுதானே என்று கேட்கலாம். அதே அளவு ஸ்டீல் வீலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் லேசுதான். ஆனா ரெண்டு இன்ச் பெரிதாகும்போது அந்த லாபம் காணாமல் போய்விடலாம். சக்கரத்தின் எடை கூடினால், அதன் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த சஸ்பென்ஷன் திணறும். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில்கூட கார் தடதடவென்று இருக்கும்.

அப்போ 17 இன்ச் எஸ்யூவி மட்டும் எப்படி சொகுசா இருக்கு?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹூண்டாய் கிரெட்டாவில் வரும் 215/60 ஆர்17 டயரின் சைடுவால் 129 மி.மீ. டொயோட்டா ஃபார்ச்சூனரின் 265/60 ஆர்18 டயரில் 159 மி.மீ. ரிம் பெரிது, ஆனா ரப்பரும் தாராளம். அதனால் இன்ச் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, சைடுவால் எவ்வளவு என்று பார்ப்பதுதான் சரி.

கையாளுதல் நல்லாகுமா?

ஆகும். ஆனா எல்லா ரோட்டிலும் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, உயரமான சைடுவால் முதலில் கொஞ்சம் வளையும், பிறகுதான் கார் திரும்பும். உயரம் குறைந்தால் அந்தத் தாமதமும் குறையும். அகலமான டயர் என்பதால் காய்ந்த, வழுவழுப்பான நான்குவழிச் சாலையில் பிடிமானமும் நன்றாகவே இருக்கும்.

குண்டும் குழியுமான வளைவில் கதை வேறு. டயர் துள்ளும்போது ரோட்டை விட்டு விலகும்; அந்த நொடியில் பிடிமானம் இருக்காது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால், அகலமான டயர் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும் அபாயமும் அதிகம்.

மைலேஜ், செலவு?

எடை ரிம்மின் ஓரத்துக்குப் போகப் போக, சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் அதிக சக்தி வேண்டும். அகலமான டயரில் உராய்வும் கூடலாம். அதனால் மைலேஜ் குறையும். எலெக்ட்ரிக் கார் என்றால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும்.

பள்ளத்தில் வேகமாக இறங்கினால் சைடுவால் நசுங்கி, உள்ளே நூல் அறுந்து புடைப்பு வரும். அப்படிப் புடைத்த டயரை பஞ்சர் போல ஒட்ட முடியாது, மாற்றியே ஆகணும். ரிம் நெளிந்தால் செலவு இன்னும் ஏறும்.

ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றலாம். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/60 ஆர்16 போட்டால் சக்கரம் 3 சதவீதம் பெரிதாகிவிடும். மீட்டர் காட்டும் வேகத்தைவிட கார் 3 சதவீதம் கூடுதலாக ஓடும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போது டயர் உரசவும் வாய்ப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 2019 சட்டத் திருத்தத்தில் இடம் இருக்கிறது. கம்பெனி சொல்லாத சைஸ் போட்டால் சஸ்பென்ஷன் வாரன்டியிலும் சிக்கல் வரலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் மாட்டிய அலாய் வீலுக்கு க்ளெய்ம் கிடைப்பதும் கஷ்டம்.

மாற்றியே ஆகணும்னா என்ன செய்யணும்?

* உங்கள் மாடலின் உயர் வேரியன்ட்டுக்கு கம்பெனியே கொடுக்கும் சைஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு இன்ச் வித்தியாசம்தான்.
* சக்கரத்தின் மொத்த உயரம் மாறக் கூடாது.
* டயரின் எடை தாங்கும் குறியீடும் வேகக் குறியீடும் பழைய டயரைவிடக் குறையக் கூடாது.
* புது சைஸுக்கு ஏற்ற காற்றழுத்தம் என்ன என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். 'கொஞ்சம் கம்மியா வெச்சா சொகுசா இருக்கும்' என்று காற்றைக் குறைப்பது ஆபத்து.
* மாட்டியதும் அலைன்மென்ட், பேலன்ஸிங் பார்த்துவிட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

லுக் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனா தினமும் நீங்கள் போகிற ரோடு எப்படி இருக்கு என்று ஒரு தடவை யோசித்துவிட்டு டயர் கடைக்குப் போங்கள். பிடிமானம்தான் வேண்டும் என்றால், அதே சைஸில் நல்ல தரமான டயர் நான்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். முதுகும் தப்பிக்கும், பர்ஸும் தப்பிக்கும்.